18 விழுக்காடு என்று எழுதிவிட்டால் போதுமா?

கேள்வி: உரிமம் பெற்ற கடன் நிறுவனத்தில் அடமானம் இல்லாமல் 10,000 வெள்ளிக்குக் கையெழுத்திட்டேன். 'செலவு' என்று 2,000 வெள்ளியைப் பிடித்துக்கொண்டு 8,000 மட்டும் என் வங்கிக் கணக்கில் போட்டார்கள். 12 மாதம், மாதம் 983.33 வெள்ளி. வட்டி 18 விழுக்காடுதான் என்கிறார்கள். இது சரியா?
- வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சரியில்லை ஐயா. 1951ஆம் ஆண்டின் வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டம், 17ஏ பிரிவில், அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு, அடமானக் கடனுக்கு 12 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. வட்டிக்கு வட்டி கூடாது. அந்தச் சட்டத்தில் அசல் என்பது கடனாளிக்கு உண்மையில் கொடுக்கப்பட்ட பணம். தாளில் எழுதிய தொகை அல்ல. 8,000க்கு ஓராண்டு வட்டி 1,440. தவணை 786.67தான் வர வேண்டும். நீங்கள் கட்டப்போவதோ மொத்தம் 11,800. வட்டி 3,800, அதாவது 47.5 விழுக்காடு! வரம்பை மீறிய ஒப்பந்தம் செல்லாது.

வங்கிக் கணக்கு அறிக்கைதான் உங்கள் முதல் சாட்சி, பத்திரப்படுத்துங்கள். பலர் தோற்பது இங்கேதான்: 10,000ஐயும் கணக்கில் போட்டுவிட்டு, 2,000ஐ ரொக்கமாகத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அப்போது அறிக்கை அவர்களுக்கே சாதகமாகிவிடும். அப்படி நடந்திருந்தால் அன்றே பணம் எடுத்த ரசீதும் வாட்ஸ்அப் செய்திகளும் தேவைப்படும்.

முத்திரையிட்ட ஒப்பந்த நகல் பணம் தரும் முன்பே உங்கள் கைக்கு வந்ததா என்றும் பாருங்கள். வராவிட்டால் அதுவே தனிக் குறை. தவணை தாமதமானால் கட்டாத தொகைக்கு ஆண்டுக்கு 8 விழுக்காடு தனிவட்டி, நாள் கணக்கில். 'ஒரு நாள் தாமதத்துக்கு 50 வெள்ளி' என்பதெல்லாம் நிற்காது. ஆவணங்களுடன் வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சில் புகார் செய்யுங்கள். உரிமம் தருவது அவர்களே. தவணையை நிறுத்துமுன் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைப் பாருங்கள்.

கேள்வி: தெரிந்தவர் ஒருவர் 3,000 வெள்ளி கொடுத்து, மாதம் 300 'லாபம்' கேட்கிறார். உரிமம் இல்லை. ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்திருக்கிறார்.
- வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: லாபம் என்றாலும் அசலுக்கு மேல் கேட்பது வட்டிதான், அம்மா. மாதம் 300 என்றால் ஆண்டுக்கு 120 விழுக்காடு. உரிமமின்றி வட்டிக்குக் கொடுக்கும் தொழிலுக்கு 250,000 முதல் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இன்றே வங்கியில் சொல்லி அந்தக் கார்டை முடக்குங்கள். வீட்டு வாசலுக்கு வந்து மிரட்டினால் போலீஸ் புகார் செய்து, அதன் நகலை வாங்கி வையுங்கள்.