லாஸ் அலமோஸில் முதலில் எந்த அருங்காட்சியகம்?

கேள்வி: நியூ மெக்சிகோவில் உள்ள மகன் வீட்டிலிருந்து, 13 வயதுப் பேரனுடன் லாஸ் அலமோஸுக்குச் செல்கிறோம். எனக்கு மூட்டு வலி உண்டு. அங்குள்ள இரண்டு அருங்காட்சியகங்களில் எதை முதலில் பார்ப்பது?

பதில்: அணுகுண்டு எவ்வாறு செய்யப்பட்டது என்பதை விளக்குவது பிராட்பரி அறிவியல் அருங்காட்சியகம், அதைச் செய்தவர்கள் குடும்பத்தோடு எவ்வாறு மறைந்து வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்வது லாஸ் அலமோஸ் வரலாற்று அருங்காட்சியகம். முதலில் வரலாற்றுக்கே செல்லுங்கள். அந்த ஊரையும் அதன் கட்டுப்பாடுகளையும் அறிந்தபின் பார்த்தால்தான், குண்டின் மாதிரி வெறும் இரும்புக்கூடாகத் தோன்றாது.

1917-இல் தொடங்கிய ஆண்கள் பள்ளி ஒன்றை, இரண்டாம் உலகப்போரின்போது இராணுவம் எடுத்துக்கொண்டே இந்த இரகசியக் குடியிருப்பை அமைத்தது. அணுகுண்டுத் திட்டத்தின் இராணுவத் தலைவரான தளபதி குரோவ்ஸ் வரும்போதெல்லாம் தங்கிய அப்பள்ளியின் விருந்தினர் இல்லமே இன்று அருங்காட்சியகம். அங்கு பிறந்த குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழில்கூட ஊர்ப்பெயர் இடம்பெறவில்லை. 'அஞ்சல் பெட்டி 1663, சான்டா ஃபே' என்பதுதான் எல்லோருக்கும் முகவரி. பேரனுக்கு இதை முதலில் சொல்லிவிட்டால், மற்றதை அவனே கேட்கத் தொடங்குவான்.

அருகிலேயே 'பாத்டப் ரோ' என்னும் தெரு. அவசரமாகக் கட்டிய குடியிருப்புகளில் ஷவர் மட்டுமே இருக்க, பள்ளி ஆசிரியர்களுக்காக முன்பே கட்டப்பட்ட இவ்வீடுகளில் குளியல் தொட்டி இருந்ததால் வந்த பெயர் அது. யார் பெரியவர் என்பதைத் தொட்டி சொல்லிவிட்டது! இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே குடியிருந்த வீடு அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த ஓப்பன்ஹைமரின் வீட்டை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

பலர் கவனிக்காமல் கடந்துவிடுவது, பள்ளியின் பழைய மரக்கட்டடமான ஃபுல்லர் லாட்ஜ் அருகே உள்ள, 1913-இல் கட்டப்பட்ட ரொமேரோ மரக்குடிலை. விஞ்ஞானிகளுக்கு இடமளிக்க அப்புறப்படுத்தப்பட்ட உழவர் குடும்பங்களின் கதையை அந்தச் சிறு குடில்தான் நினைவூட்டுகிறது. அவர்களின் வாரிசுகளுக்கான இழப்பீட்டை அமெரிக்க நாடாளுமன்றம் ஒதுக்கியதே 2004-இல்தான்.

இவை யாவும் சில நிமிட நடைத்தொலைவில் உள்ளன. எனினும் ஊர் சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விரைவில் மூச்சு வாங்கும். தண்ணீர் எடுத்துக்கொண்டு, இடையிடையே அமர்ந்து செல்லுங்கள். பிராட்பரியை உணவுக்குப்பின் வைத்துக்கொள்ளலாம். இரண்டும் திறந்திருக்கும் நேரத்தை முன்னதாகவே பார்த்துவிடுங்கள். போர்க்கால ஆய்வுக்கூடங்களில் எஞ்சியவை, இன்றும் இயங்கும் லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தின் வேலிக்குள் இருக்கின்றன. ஆய்வக நிலம் வழியே செல்லும் சாலையில் அடையாளச் சோதனை உண்டு என்பதால், கடவுச்சீட்டு கையில் இருக்கட்டும்.