ஹோவர்ட் பல்கலைக்கழகம்: "கறுப்பினத்தவர் கல்லூரி"க்கு நம் பிள்ளையை அனுப்பலாமா?

கேள்வி: என் அக்கா மகளுக்கு வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. கமலா ஹாரிஸ் படித்த இடம் என்று மட்டும் தெரியும். கறுப்பினத்தவர் கல்லூரி என்பதால் வீட்டில் எல்லாரும் தயங்குகிறார்கள். அங்கே படித்தவர்கள் யாராவது சொல்ல முடியுமா?

நான் படித்திருக்கிறேன். 2013 முதல் 2015 வரை, சிவில் இன்ஜினியரிங் முதுநிலை. தாராளமாக அனுப்புங்கள். செலவு, உதவித்தொகை, அந்தத் துறைப் பேராசிரியர்கள் இதையெல்லாம் வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் விசாரிப்பது போல விசாரித்துக்கொள்ளுங்கள், அது வேறு விஷயம். ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அந்த ஒரு வார்த்தைதான் என்றால், அதே தயக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. மதுரையில் என் சித்தப்பா "அங்கெல்லாம் பத்திரமா இருக்குமாப்பா?" என்று கேட்டார். அவரை என்ன சொல்வது, விமானம் ஏறும்வரை எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் ஊரில் கறுப்பினத்தவர் கல்லூரி என்று கேட்டதும் இட ஒதுக்கீடு மாதிரி ஏதோ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபோது சுமார் 40 லட்சம் பேர் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்தார்கள். அதுவரை தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுப்பதே சட்டப்படி குற்றம். விடுதலை கிடைத்த பிறகும் பெரும்பாலான கல்லூரிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை, அதனால் அவர்களுக்கென்று கல்லூரிகள் எழும்பின. 1964-க்கு முன் தொடங்கப்பட்டு, கறுப்பின மக்களின் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்டவற்றைத்தான் அமெரிக்கச் சட்டம் இந்தப் பெயரால் குறிக்கிறது. இன்றைக்கு அப்படிச் சுமார் நூறு இருக்கின்றன. ஹோவர்டுக்கு நாடாளுமன்றமே 1867 மார்ச் 2 அன்று சாசனம் கொடுத்தது. போரில் தளபதியாக இருந்து, பிறகு விடுதலை பெற்றவர்களுக்கான அரசு அலுவலகத்தை நடத்திய ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டின் பெயர் அது. ஆரம்பத்திலிருந்தே எந்த இனத்தவரும் சேரலாம், பெண்களும் சேரலாம். முதலில் சேர்ந்த மாணவிகளே வெள்ளைக்காரப் பெண்கள், கல்லூரியைத் தொடங்கியவர்களின் மகள்கள்! அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞர் சார்லட் ரே 1872-இல் இங்கேதான் சட்டம் முடித்தார். ஆக, உங்கள் அக்கா மகள் யாருடைய இடத்திலும் போய் உட்காரவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். ஜார்ஜியா அவென்யூவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டு மாடியில் நானும் அலபாமாவிலிருந்து வந்த ஒரு மாணவரும் அறை எடுத்திருந்தோம். அவர் வரலாறு படித்தார். ஒருநாள் ராத்திரி சாதமும் ரசமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது (ரசத்தை டம்ளரில் ஊற்றிக் குடிப்பார், சளிக்கு நல்லது என்று நான் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டார்) இந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் படித்த பள்ளியில் வகுப்புக்கு ஒருவர், மிஞ்சினால் இருவர்தான் கறுப்பின மாணவர்களாம். வரலாற்றுப் பாடத்தில் அடிமை முறை வந்ததும் வகுப்பு முழுக்கத் திரும்பி அவரைப் பார்க்குமாம். "இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை" என்றார். அவ்வளவுதான் சொன்னார், தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

அது எனக்கு முழுசாகப் புரிந்தது நூலகத்தில்தான். ஷா-ஹோவர்ட் மெட்ரோ நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏறினால், மரங்களுக்கு மேலே வெள்ளை மணிக்கூண்டு தெரியும். அதுதான் ஃபவுண்டர்ஸ் நூலகம், 1939-இல் திறந்தது. அதற்குள்ளே மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன் ஆய்வு மையம் இருக்கிறது, கறுப்பின மக்களின் வரலாறு பற்றி உலகத்தில் உள்ள பெரிய சேகரிப்புகளில் ஒன்று. அதை உருவாக்கியவர் டொரத்தி போர்ட்டர் என்ற நூலகர். 1930-இலிருந்து 1973 வரை, நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கே உழைத்தவர். கையில் காசு கிடையாது. பதிப்பாளர்களிடமும் புத்தக வியாபாரிகளிடமும் கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். ஆனால் நான் சொல்ல வந்தது அதை இல்லை, எண்களை. நூலகங்களில் புத்தகங்களை அடுக்க டூயி என்ற எண் முறை உண்டு, நம் ஊர் நூலகங்களிலும் பார்த்திருப்பீர்கள். அந்த முறையில் கறுப்பின மக்கள் தொடர்பான புத்தகங்களுக்கு இரண்டே எண்கள்தான் பயன்பட்டன: 326 என்றால் அடிமை முறை, 325 என்றால் குடியேற்றம். ஒரு கறுப்பினக் கவிஞர் கவிதைத் தொகுப்பு எழுதினாலும், பல நூலகங்களில் அது கவிதை அலமாரிக்குப் போகாது, 325-இல்தான் போய் உட்காரும். டொரத்தி போர்ட்டர் இதை ஏற்கவில்லை. கவிதை என்றால் கவிதையில், இசை என்றால் இசையில், மருத்துவம் என்றால் மருத்துவத்தில் என்று பிரித்து அடுக்கினார்.

இதைப் படித்த அன்று எனக்கு ரூம் நண்பரின் ஞாபகம்தான் வந்தது. வகுப்பு திரும்பிப் பார்த்ததே, அது அவர்மேல் 326 என்று ஒட்டிய சீட்டு. ஹோவர்டில் அந்தச் சீட்டு இல்லை. என் வகுப்பிலேயே சிகாகோவிலிருந்து வந்தவர், நைஜீரியாவிலிருந்து வந்தவர், டிரினிடாட்காரர், டாக்டர் வீட்டுப் பிள்ளை, வீட்டிலேயே முதல் பட்டதாரி, கணக்கில் புலி, கணக்கென்றால் ஓடுபவர், வாயே திறக்காதவர் எல்லாரும் இருந்தார்கள். "கறுப்பின மாணவர்" என்று தனியாக ஒருவர் இல்லை. ஒரு பிள்ளை தன் இனம் முழுவதற்கும் பதில் சொல்லாமல், சும்மா ஒரு மாணவனாக நான்கு வருஷம் இருக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

சட்டக் கல்லூரி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1929-இல் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் அதன் பொறுப்புக்கு வந்தார். மாலை நேர வகுப்புகளாக நடந்துகொண்டிருந்ததை முழுநேரக் கல்லூரியாக்கினார், பாடத்தைக் கடுமையாக்கினார். வழக்கறிஞர் என்றால் சமூகத்தைக் கட்டியெழுப்பும் பொறியாளராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் ஒட்டுண்ணி என்பது அவருடைய பாடம். அவரிடம் படிக்க வந்தவர் துர்குட் மார்ஷல், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதி. மார்ஷலின் சொந்த ஊர் பால்டிமோர். அந்த ஊரிலேயே மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி இருந்தது, ஆனால் கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை. அதனால் தினமும் ரயிலேறி வாஷிங்டன் வந்து படித்தார். கட்டணத்துக்காக அவருடைய அம்மா கல்யாண மோதிரத்தை அடகு வைத்தார். (இந்த இடத்தைப் படிக்கும்போது எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்கம் தேவைப்படாது.) 1933-இல் வகுப்பில் முதலாவதாகத் தேறினார். அடுத்த இரண்டே வருஷத்தில், 1935-இல், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து அதே மேரிலண்ட் சட்டக் கல்லூரிமேல் வழக்குப் போட்டு, டொனால்ட் முர்ரே என்ற கறுப்பின மாணவருக்கு அங்கே இடம் வாங்கிக் கொடுத்தார்கள். பள்ளிகளில் இனவாரியாகப் பிரித்து வைப்பது செல்லாது என்று 1954-இல் தீர்ப்பு வந்த வழக்குக்கும் ஹோவர்டில்தான் ஒத்திகை நடந்தது. பேராசிரியர்கள் நீதிபதிகள் போல உட்கார்ந்து வழக்கறிஞர்களைக் கேள்வியால் துளைத்தெடுப்பார்களாம். ஹூஸ்டன் 1950-இலேயே இறந்துவிட்டார், அந்தத் தீர்ப்பைப் பார்க்கவில்லை.

நம் பக்கத்துத் தொடர்பு கமலா ஹாரிஸோடு தொடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வளாகத்தில் உள்ள ராங்கின் தேவாலயத்துக்குப் பொறுப்பாக இருந்த ஹோவர்ட் தர்மன் (பெயர்ப் பொருத்தம்தான், தளபதி ஹோவர்டுக்கு உறவில்லை) 1935-இல் ஒரு குழுவோடு இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் அங்கிருந்த ஒருவர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் முன்னோரை அடிமைகளாகப் பிடித்துப் போனவர்களின் மதத்துக்காக நீங்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்து பேசுகிறீர்கள் என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி தர்மனை வாழ்நாள் முழுக்க விடவில்லை. 1936-இல் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தபோது, கலப்படமில்லாத அகிம்சை உலகத்துக்குப் போய்ச் சேருவது ஒருவேளை கறுப்பின மக்கள் மூலமாகத்தான் இருக்கலாம் என்று காந்தி சொன்னார். பிறகு ஹோவர்டின் முதல் கறுப்பினத் தலைவர் மொர்தெகாய் ஜான்சன் இந்தியா வந்து திரும்பி, ஃபிலடெல்ஃபியாவில் காந்தியைப் பற்றி உரையாற்றினார். கேட்டவர்களில் ஒருவர் இறையியல் மாணவராக இருந்த மார்ட்டின் லூதர் கிங். உடனே போய் காந்தி பற்றி அரை டஜன் புத்தகங்கள் வாங்கியதாக அவரே எழுதியிருக்கிறார்.

சரி, வளாக வாழ்க்கை. நடுவில் ஒரு பெரிய புல்வெளி, அதற்கு "யார்ட்" என்றுதான் பெயர். 2024 நவம்பர் 6 அன்று கமலா ஹாரிஸ் தோல்வியை ஏற்றுப் பேசியது அங்கேதான். யார்டில் சில மரங்களில் வண்ணம் அடித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு மாணவர் சங்கத்துக்கு உரியது. முதல் வாரம் தெரியாமல் ஒரு மரத்தடியில் குறுக்கே நடக்கப் போனேன், ரூம் நண்பர் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். கோயிலில் பலிபீடத்தைச் சுற்றிப் போவது போல, சங்கத்துக்காரர் அல்லாதவர்கள் சுற்றித்தான் போக வேண்டுமாம். 1908-இல் இங்கே தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாதான் கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் சங்கம், நிறம் பச்சையும் இளஞ்சிவப்பும்.

அக்டோபரில் ஹோம்கமிங் வரும். பழைய மாணவர்கள் எல்லாரும் ஊர்த் திருவிழாவுக்கு வருவது போல வந்து சேர்வார்கள், பறை அடித்த மாதிரி பாண்டு வாத்தியம் நெஞ்சுக்குள் அதிரும். என் முதல் ஹோம்கமிங்கில் பச்சையும் இளஞ்சிவப்புமாக உடுத்திய ஒரு பாட்டி, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், என்னைக் கூப்பிட்டு ஒரு தட்டு நிறையக் கேக் கொடுத்தார். 1968 மார்ச்சில் மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த போராட்டத்தில் அவரும் இருந்தாராம், தரையில் படுத்துத் தூங்கினோம் என்றார். எதற்காகப் போராட்டம் என்று கேட்டேன். பாடத்திட்டத்தில் எங்கள் வரலாறு வேண்டும் என்றுதான், என்றார். டொரத்தி போர்ட்டரின் நூலகம் பக்கத்திலேயே இருந்தும், ஹோவர்டிலேயே அதைப் போராடித்தான் கேட்க வேண்டியிருந்தது. கல்லூரியைப் பற்றிப் பெருமையாக மட்டும் பேசுபவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்வேன்.

பாதுகாப்புக்கு வருகிறேன். அது நகரத்தின் நடுவில் உள்ள வளாகம், ராத்திரி நேரங்கழித்துத் தனியாக நடக்க வேண்டாம், எந்தப் பெருநகரத்திலும் சொல்வதுதான். இரண்டு வருஷத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வாடகை கடிக்கும், அதற்குத் தயாராக இருக்கட்டும். அப்புறம் ரசப்பொடி கொஞ்சம் கூடுதலாகவே கட்டிக் கொடுங்கள், பங்குக்கு ஆள் வரும்.

என் ரூம் நண்பர் இப்போது பள்ளியில் வரலாறு நடத்துகிறார். ஹோவர்டில் யாராவது "ஹெச்-யூ!" என்று குரல் கொடுத்தால், கேட்டவர் "யூ நோ!" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு அக்டோபரிலும் அவரிடமிருந்து அந்த இரண்டு எழுத்து மட்டும் செய்தியாக வரும், நானும் பதில் அனுப்பிவிடுவேன். உங்கள் அக்கா மகளுக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இங்கேயே கேட்கச் சொல்லுங்கள்.