இரண்டு வெடிகளுக்கு நடுவே

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் ஆம்பூர்க்காரன், தோல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பையனுக்குக் கர்நாடகப் போர்கள் பாடம் சொல்லிக்கொடுக்கும்போது, "அவங்ககிட்ட துப்பாக்கியும் பீரங்கியும் இருந்தது, நம்மகிட்ட வாளும் வேலும்தான், அதான் தோத்துட்டோம்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அவன் விடவில்லை. "அப்போ நவாப் ஆயிரம் துப்பாக்கி விலைக்கு வாங்கியிருக்கலாமேப்பா?" என்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. வில் போய்த் துப்பாக்கி வந்தது, யானை போய் டாங்கி வந்தது, இப்போது ட்ரோன். ஆயுதம் மாறினால் போர் மாறும் என்பது எளிய கணக்குதானே? எங்கே தப்பு?

அன்புடன்,
கே., ஆம்பூர்

*

அன்புள்ள கே.,

'வாளும் வேலும்' என்ற இடத்தில்தான் தப்பு. அது நம் சினிமா கொடுத்த படம். 1526-ல் பானிபட்டில் பாபர் வண்டிகளைத் தோல்கயிற்றால் பிணைத்து நிறுத்தி, அவற்றின் மறைவில் பீரங்கியும் துப்பாக்கியும் வைத்து இப்ராஹிம் லோடியை முறியடித்தார். அது நடந்து இருநூறு வருடங்களுக்கும் மேலான பிறகுதான் உங்கள் பையனின் பாடமே தொடங்குகிறது. ஆற்காட்டு நவாப் அன்வருதீனிடம் துப்பாக்கி இருந்தது, பீரங்கி இருந்தது, ஆள்பலமும் இருந்தது. அப்படியும் 1746-ல் அடையாற்றங்கரையில் அவர் படை ஓடியது.

அந்த வருடம் செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயரிடமிருந்து சென்னையைப் பிடித்தார்கள். பிடித்து நவாபிடம் தருவதாகச் சொல்லியிருந்த புதுச்சேரி கவர்னர் டியூப்ளே, தரவில்லை. நவாபின் மகன் மாபூஸ்கான் சுமார் 10,000 பேரோடு வந்து கோட்டையை வளைத்து, குடிதண்ணீர் வரும் வழியை அடைத்தார். (பின்னால் பூலித்தேவன் கதையில் வரும் அதே மாபூஸ்கான்தான்.) தண்ணீரை மீட்கக் கோட்டைக்குள்ளிருந்து பிரெஞ்சுப் படையினர் 400 பேர் இரண்டு சிறிய பீரங்கிகளோடு வெளியே வந்தார்கள். நவாபின் குதிரைப்படை திரண்டு எதிரே வந்தது. பிரெஞ்சு வரிசை இரண்டாக விலகியது, பின்னால் மறைத்து வைத்திருந்த பீரங்கிகள் வெடித்தன.

குதிரைக்காரர்கள் அதற்குப் பெரிதாகக் கலங்கவில்லை. அவர்கள் பழகிய பீரங்கி ஒருமுறை வெடித்தால் அடுத்த வெடிக்குக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் போய் வெட்டிவிடலாம். ஆனால் அடுத்த குண்டு உடனே வந்தது. அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. ஓடிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து, பாரடிஸ் என்ற சுவிஸ் அதிகாரி ஆயிரம் பேருக்கு மேற்படாத ஒரு படையோடு புதுச்சேரியிலிருந்து வந்து சேர்ந்தார். அதில் பெரும்பகுதி சிப்பாய்கள், நம் ஆட்கள். பீரங்கி கிடையாது. சாந்தோம் பக்கத்தில், அடையாற்றின் வடகரையில் மாபூஸ்கான் பீரங்கிகளோடு காத்திருந்தார். பாரடிஸ் நிற்கவில்லை. ஆற்றில் இறங்கிக் கடந்து, ஒரே வீச்சில் எல்லாத் துப்பாக்கிகளும் வெடிக்க, பயனெட்டை, அதாவது துப்பாக்கி முனைக் கத்தியை, நீட்டிக்கொண்டு கரையேறினார்கள். முதலில் கிளம்பியது மாபூஸ்கான் ஏறியிருந்த யானை, கொடியோடு. அதைப் பார்த்த பிறகு யார் நிற்பார்கள்? இன்று திரு.வி.க. பாலத்தில் டிராபிக்கில் நிற்கும்போது கடல் பக்கம் திரும்பிப் பார்த்தால் அந்த முகத்துவாரம் தெரியும்.

(தேதியில் குழம்ப வேண்டாம். சில புத்தகங்களில் அக்டோபர் 24 என்றிருக்கும், சிலவற்றில் நவம்பர் 4. ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதியதில். பதினொரு நாள் வித்தியாசம், இரண்டும் ஒரே நாள்தான்.)

சரி, ஆயுதத்துக்கு இதில் பங்கே இல்லையா என்றால், உண்டு. நரிக்குறவர்கள் நாட்டுத் துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதைப் பார்த்திருந்தால் உங்களுக்கு எளிதில் புரியும். பழைய திரித்துப்பாக்கியில் எரிகிற திரியைக் கையில் வைத்துக்கொண்டே மருந்து கொட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் மருந்தில் பொறி விழுந்துவிடும் என்பதால் நெருங்கி நிற்க முடியாது. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. எரிகிற திரி இல்லை, தோளோடு தோள் உரசி நிற்கலாம். ஒரு வெடிக்கான மருந்தும் ரவையும் காகிதச் சுருளில் தயாராக இருக்கும். பழகிய ஆள் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம். பயனெட்டிலும் ஒரு சின்ன மாற்றம். முன்பு அதைக் குழல் வாயிலேயே செருக வேண்டும், செருகினால் சுட முடியாது. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அதைக் குழலைச் சுற்றி வளையமாக மாட்டினார்கள். அதோடு துப்பாக்கிக்காரனைக் காக்கத் தனியாக ஈட்டிக்காரன் வேண்டாம் என்றாகிவிட்டது.

ஆனால் ஒற்றைத் துப்பாக்கியாகப் பார்த்தால் அது சுமாரான சாமான். நூறு கஜம் தாண்டினால் குறி நிற்காது. முன்னூறு பேர் ஒரே நொடியில் சுட்டு, புகைக்குள் கண் தெரியாமல் நின்றுகொண்டு, பக்கத்தில் விழுந்தவனைத் திரும்பிப் பார்க்காமல் மறுபடி கெட்டித்தால்தான் அதற்கு மதிப்பு. அந்தப் பழக்கம் கடையில் கிடைக்காது. தினமும் காலையில் கவாத்து, மாதம் தவறாத சம்பளம், கட்டளை சொல்ல ஒரே ஒரு வாய், இத்தனையும் வேண்டும்.

நவாபின் படை அப்படிப்பட்டதல்ல. பல தலைவர்கள் ஆளுக்கொரு கூட்டத்தைக் கூட்டி வந்து சேர்ந்தது. சம்பளம் வந்தால் வரும். குதிரை பல வீரர்களுக்குச் சொந்தச் சொத்து, செத்துப்போனால் பிழைப்பு போச்சு. அதை ஓட்டிக்கொண்டு பீரங்கி வாய்க்குள் போக அவன் என்ன பைத்தியமா? இதைக் கோழைத்தனம் என்று எழுதிய வெள்ளைக்காரர்களோடு எனக்கு எப்போதும் சண்டை உண்டு. அவன் போட்டது குடும்பக் கணக்கு.

கவாத்தைக் கற்றுக்கொண்டால் யாருக்கும் அது வரும் என்பதற்குச் சாட்சி ஹைதர் அலி. மைசூர்ப் படையோடு இளவயதில் திருச்சிப் பக்கம் முகாமிட்டபோது பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் சண்டையிடுவதைக் கூட இருந்து பார்த்தவர். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூரில் (பாடப்புத்தகத்தில் பொல்லிலூர்) அவரும் திப்புவும் ஆங்கிலேயக் கர்னல் பெய்லியின் சுமார் 3,800 பேர் கொண்ட படையை அநேகமாக முழுசாக அழித்தார்கள், அல்லது பிடித்துப்போனார்கள். கவாத்துப் பழகிய காலாட்படை, பீரங்கி, விரைந்த குதிரைப்படை, கூடவே இரும்புக் குழாய் ராக்கெட்டுகள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறியதை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் வரைந்து வைத்திருக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இருந்த ஆங்கிலத் தளபதி ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. பெரிய பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு வழியாகச் சென்னைக்குத் திரும்பினார். 1764-ல் பக்சாரில் ஜெயித்தவர் இவர். சென்னையில் குதிரைமேல் சிலையாக இருக்கும் மன்றோ வேறு ஆள்.

ட்ரோனைப் பற்றி இரண்டு வார்த்தை. உக்ரைனில் கடைச்சரக்கு ட்ரோனையே இரண்டு பக்கமும் பறக்கவிடுகிறார்கள். யார் முதலில் பார்த்து, பார்த்ததைப் பீரங்கிக்காரனிடம் யார் சீக்கிரம் சொல்கிறார்கள் என்பதில்தான் போட்டி. மறுபடியும் இரண்டு வெடிகளுக்கு நடுவே உள்ள அந்த இடைவெளிக் கணக்குதான்.

கடைசியாக உங்கள் ஊர். 1749 ஆகஸ்ட் 3, ஆம்பூர்க் கணவாய். அடையாறு நடந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை. உங்கள் பையன் சொன்னதைத்தான் அன்வருதீன் அங்கே செய்திருந்தார். பீரங்கிகளை அகழிக்குப் பின்னால் நிறுத்தி, அவற்றை இயக்க ஐரோப்பியர் சிலரையே கூலிக்கு வைத்திருந்தார். நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபுக்காக வந்த பிரெஞ்சுப் படை இரண்டு முறை மோதித் திரும்ப வேண்டியிருந்தது. மூன்றாவது முறை உள்ளே வந்துவிட்டார்கள். அப்போதும் அந்தக் கிழவர் ஓடவில்லை, யானையை முன்னால் செலுத்தச் சொன்னார். எல்லோர் கண்ணிலும் படும் உயரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு ரவை பாய்ந்தது. அவர் விழுந்ததைப் படை முழுவதும் பார்த்தது.

அன்புடன்.