பச்சைக் காய் எங்கே போனது?

கேள்வி: போடியிலும் வண்டன்மேட்டிலும் வியாபாரிகளிடம் கேட்டு 60 லாட் ஏலக்காயின் விவரம் சேகரித்தேன். கிலோ விலைக்கு மல்டிபிள் ரெக்ரஷன் (பல காரணிகளைச் சேர்த்து ஒன்றைக் கணிக்கும் முறை) போட்டதில், மில்லிமீட்டரில் காயின் அளவும், பச்சை, இளம்பச்சை, வெளுப்பு என்று நிறமும் சேர்த்தேன். விடையில் இளம்பச்சைக்கு மைனஸ் 140, வெளுப்புக்கு மைனஸ் 310. பச்சையையே காணோம். விலை எப்படி மைனஸ் ஆகும்? இளம்பச்சையின் பி மதிப்பு 0.09 என்பதால் அதை நீக்கிவிடலாமா?
- எம்.எஸ்சி. மாணவி, கம்பம்

பதில்: என் அம்மா போடியில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனவர். முறத்தின் ஓரத்தில் நல்ல பச்சைக் காய் ஒரு கைப்பிடி எப்போதும் இருக்கும். மற்ற காயை அதன் பக்கத்தில் தள்ளிப் பார்த்துத்தான் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று சொல்வார். உங்கள் அட்டவணையிலும் பச்சை அந்தக் கைப்பிடிதான். அது தொலையவில்லை, மாறிலிக்குள், அதாவது சமன்பாட்டின் தொடக்க எண்ணுக்குள், இருக்கிறது.

மைனஸ் 310 என்பது விலை இல்லை, வித்தியாசம். ஒரே அளவுள்ள இரண்டு லாட்டை எடுத்தால், வெளுத்தது பச்சையைவிடச் சராசரியாகக் கிலோவுக்கு 310 ரூபாய் குறைவு. ‘ஒரே அளவுள்ள’ என்பதை விட்டுவிடாதீர்கள், கெழுவின், அதாவது அந்த மைனஸ் 310 போன்ற எண்ணின், பொருளே அதில்தான் இருக்கிறது. மாறிலியைப் பச்சைக் காயின் விலை என்றும் எழுதிவிடாதீர்கள். அது 0 மில்லிமீட்டர் பச்சைக் காயின் விலை, அப்படி ஒரு காயே கிடையாது. அளவிலிருந்து 7-ஐக் கழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போது மாறிலி, 7 மில்லி பச்சைக் காயின் விலையாக வந்து நிற்கும்.

பச்சையை அடிப்படையாக வைத்தது நீங்கள் இல்லை, மென்பொருள். நிறங்களைக் கிரீன், லைட், பேல் என்று பதிந்திருக்கிறீர்கள். ஆர் மென்பொருள், நாம் வேறு சொல்லாவிட்டால், அகரவரிசையில் முதலில் வருவதை எடுத்துக்கொள்ளும். வெளுப்பை அடிப்படையாக்கிப் பாருங்கள்: பச்சைக்கு பிளஸ் 310, இளம்பச்சைக்கு பிளஸ் 170 வரும், மாறிலி 310 குறையும். எந்த லாட்டின் கணித்த விலையும் ஒரு ரூபாய்கூட மாறாது. மாறிலியையும் வைத்துக்கொண்டு மூன்று நிறத்துக்கும் டம்மி (அந்த நிறமானால் 1, இல்லாவிட்டால் 0) போட்டால், மூன்றின் கூட்டுத்தொகை எப்போதும் 1 என்பதால் கணக்கு நிற்காது. சிலர் 1, 2, 3 என்று எண் கொடுத்துவிடுகிறார்கள். அது பச்சையிலிருந்து இளம்பச்சைக்கும், அங்கிருந்து வெளுப்புக்கும் ஒரே இறக்கம் என்று நாமே முடிவு கட்டுவது. உங்கள் கணக்கில் ஒன்று 140, மற்றது 170.

சரி, அந்த 0.09. உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும், தற்செயலாக இவ்வளவோ இதற்கு மேலோ வித்தியாசம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி மதிப்பு. இளம்பச்சைக்கும் பச்சைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. இளம்பச்சைக்கும் வெளுப்புக்கும் இடையில் உள்ள அந்த 170-க்கான பி மதிப்பு இந்த அட்டவணையில் இல்லவே இல்லை. அந்த டம்மியை நீக்கினால் இளம்பச்சையைப் பச்சையோடு கொட்டிக் கலந்ததாகத்தான் அர்த்தம். எந்தக் களத்தில் அதை ஒப்புக்கொள்வார்கள்? நிறம் முழுவதும் தேவையா என்று அறிய, இரண்டு டம்மியையும் சேர்த்து எஃப் சோதனை செய்யுங்கள். தேவை என்று வந்தால் இரண்டும் இருக்கட்டும், 0.09-ஐ அப்படியே எழுதிவிடுங்கள்.

அப்புறம் ஒன்று எனக்கு உறுத்துகிறது. 60 லாட்டில் வெளுப்பு எத்தனை? ஸ்டோரில், அதாவது சூடேற்றிக் காய் உலர்த்தும் கூடத்தில், பதமாக உலர்த்திய காய் அவ்வளவாக வெளுக்காது, வெயிலில் போட்டதுதான் நிறம் போகும். அப்படி நாலைந்து லாட்தான் கிடைத்தது என்றால், அந்த 310 அத்தனையும் அந்த நாலைந்து லாட்டின் மேல் நிற்கிறது. நிறவாரியாக எண்ணி அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.