சூரியன் போயாச்சு, சூடு மட்டும் ஏன் போகல? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராத்திரி 11 மணிக்கும் எங்க வீட்டுச் சுவத்துல கை வச்சா சுடுது. ஊரைத் தாண்டி கொஞ்ச தூரம் போனா நல்லா ஜில்லுனு இருக்கு. ஒரே வானம், ஒரே சூரியன், இவ்ளோ வித்தியாசம் எப்படி?
- ஒரு வாசகி

பதில்: நீங்க கை வச்சுப் பாத்த அந்தச் சுவர்தாங்க பதில். கான்க்ரீட், செங்கல், தார் ரோடு எல்லாம் பகல் முழுக்க வெயிலை உள்ள வாங்கி வச்சுக்கிட்டு பொழுது சாஞ்சதும் மெல்ல மெல்ல வெளிய விடுது. வயக்காட்டுல அப்படி இல்ல, மண்ணு வாங்குன சூட்டை சீக்கிரமே வானத்துக்கு அனுப்பிடும், மேல மறைக்க எதுவும் கிடையாதே. உங்க தெருவுல நின்னு ஒரு தடவை அண்ணாந்து பாருங்க, ரெண்டு பக்கமும் உசரமான பில்டிங், நடுவுல ஒரு கீத்து வானம் தெரியும், அந்தக் கீத்து எவ்ளோ குறுகலோ சூடு தப்பிச்சுப் போற வழியும் அவ்ளோ குறுகல். கனடாவைச் சேர்ந்த டிம் ஓக்ங்கிற விஞ்ஞானி இதைத்தான் கணக்காவே போட்டுக் காட்டினார், தெருவோட அகலத்தை விட கட்டடம் எவ்ளோ உசரம்னு பாத்தாலே அந்த இடம் ராத்திரி எவ்ளோ சூட்டைப் பிடிச்சு வைக்கும்னு ஓரளவு சொல்லிடலாம். காத்து இல்லாத, மேகம் இல்லாத ராத்திரியில பெரிய நகரத்துக்கும் வெளிப்புறத்துக்கும் 10 டிகிரி செல்சியஸ் கூட வித்தியாசம் வரும்.

இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. மேகங்களுக்குப் பேர் வச்சவர்னு நமக்குத் தெரிஞ்ச லூக் ஹோவர்ட், 200 வருஷம் முன்னாடி லண்டன்ல உள்ளேயும் வெளியேயும் அளந்து பாத்தார், ராத்திரியில நகரம் ஃபாரன்ஹீட்ல 3.7 டிகிரி அதிகமா இருந்துச்சு, பகல்ல பாத்தா நகரம் ஒரு துளி குறைவாவே இருந்துச்சு. அதனாலதான் நான் யாரு கேட்டாலும் சொல்றது, உங்க ஊர் எவ்ளோ சூடுன்னு தெரியணும்னா மத்தியானத்தைப் பாக்காதீங்க, ராத்திரியைப் பாருங்க.

கேள்வி: அப்போ மரம் நட்டா எல்லாம் சரியாகிடுமா?
- ஒரு கல்லூரி மாணவர்

பதில்: நடணும், கண்டிப்பா நடணும், ஆனா எங்க நடுறோம்ங்கறதுலதான் விஷயமே இருக்கு. நல்லா தண்ணி கிடைக்கிற பெரிய மரம் ஒரு நாள்ல 100 லிட்டர் தண்ணியை இலை வழியா ஆவியாக்கும்னு வச்சுக்கோங்க, அவ்ளோ தண்ணி ஆவியாக கிட்டத்தட்ட 70 யூனிட் கரண்டுக்குச் சமமான சூடு செலவாகுது, அந்தச் சூடு காத்துல இருந்தும் வெயில்ல இருந்தும்தான் போகுது. ஆனா வேருக்குத் தண்ணி இல்லன்னா மரம் இலைத் துளையை மூடிக்கும், அப்புறம் அது வெறும் குடை மாதிரிதான். குடையும் முக்கியம்தான், புழுக்கமான ஊர்ல காத்துலயே ஈரம் நிறைய இருக்கறதால ஆவியாகறதை விட நிழல்தான் உடம்புக்கு உதவும்.

நிழல் எங்க விழணும்? பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துல, பள்ளிக்கூடம் போற வழியில, நடைபாதையோட மேற்குப் பக்க வெயில் அடிக்கிற இடத்துல. ஊருக்கு ஒதுக்குப்புறமா ஒரு பெரிய பார்க் போட்டு அங்கேயே ஆயிரம் மரம் நட்டுட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டினா நடந்து போற மனுஷனுக்கு என்ன பலன், சொல்லுங்க. கொலம்பியாவுல மெடஜின் நகரம் ரோட்டோரமும் ஓடைக்கரையிலயும் 30 பசுமைப் பாதைகள் போட்டாங்க, ஜனங்க நடமாடுற வழியிலயே நிழலைக் கொண்டு வந்ததாலதான் அதை எல்லாரும் உதாரணமா சொல்றாங்க. இன்னொண்ணு, குறுகலான, வண்டி அதிகமா போற தெருவுல மேல முழுசா மூடுற மாதிரி மரம் வச்சா வண்டிப் புகை அடியிலயே தங்கிடும், அங்க இடைவெளி விட்டுத்தான் நடணும்.

கேள்வி: நான் டவுன் பிளானிங் ஆபீஸ்ல வேலை பாக்குறேன். சாட்டிலைட் எடுத்த ஹீட் மேப் ஒண்ணு கையில இருக்கு, சிவப்பா இருக்கற இடத்துக்கெல்லாம் முதல்ல வேலை செஞ்சா போதுமா?
- ஒரு வாசகர்

பதில்: போதாதுங்க. அந்த மேப் காட்டுறது தரையோட, கூரையோட மேற்பரப்பு சூடு, மனுஷன் மூச்சு விடுற காத்தோட சூடு இல்ல. லேண்ட்சாட் மாதிரி சாட்டிலைட் காலையில 10 மணி வாக்குலதான் மேல வந்து போகும், ராத்திரி 2 மணிக்கு ஒரு அறைக்குள்ள ஒரு பாட்டி தூங்க முடியாம உக்காந்திருக்கறது அதுல தெரியாது. மேப்பைத் தூக்கிப் போடச் சொல்லல, அதோட தெருவுல சென்சார் வையுங்க, இடத்தை வகை பிரிங்க. 2012ல ஸ்டூவர்ட்ங்கிற ஆராய்ச்சியாளரும் முன்னாடி சொன்ன டிம் ஓக்கும் சேந்து 17 வகை கொடுத்திருக்காங்க, நெருக்கமான உசரக் கட்டடம், நெருக்கமான தாழ்ந்த கட்டடம், மரம் அடர்ந்த நிலம்னு, உலகத்துல எந்த ஊரையும் அதுல அடக்கிடலாம், ரெண்டு ஊரை ஒப்பிடவும் வசதி.

கேள்வி: உசரமா நெருக்கமா கட்டினா காத்து வராதுன்னு ஒருத்தர் சொல்றார், பரவலா கட்டினா காரும் ரோடும் அதிகமாகும்னு இன்னொருத்தர் சொல்றார். யாரு சொல்றது சரி?
- கட்டடக்கலை படிக்கிற ஒரு வாசகி

பதில்: ரெண்டு பேரும் சரி, அதனாலதான் இந்த வேலை கஷ்டம். நெருக்கமா இருந்தா பகல்ல நிழல் கிடைக்கும், நடந்தே போகலாம், ஆனா ராத்திரி சூடு வெளிய போக வழி வேணும், அந்த வழியைப் பிளான் போடுற அன்னைக்கே விட்டு வைக்கணும், கட்டினதுக்கு அப்புறம் எவ்ளோ காசு கொடுத்தாலும் அது கிடைக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஜெர்மனியோட ஸ்டுட்கார்ட். சுத்தி மலை, நடுவுல பள்ளத்துல ஊர், காத்தே கம்மி. ராத்திரி ஆனா மலைச் சரிவுல குளிர்ந்த காத்து தண்ணி மாதிரி இறங்கி வரும், அது வர்ற வழியில பில்டிங்கைக் கட்டினா முடிஞ்சுது. அங்க 1938லயே நகர நிர்வாகத்துக்குள்ள ஒரு வானிலை நிபுணரை வேலைக்கு வச்சாங்க, காத்து எந்தெந்தச் சரிவு வழியா இறங்குதுன்னு மேப் போட்டு அந்த வழியைக் காப்பாத்துற மாதிரி கட்டட விதிகளைச் செஞ்சாங்க, இன்னிக்கும் அந்தப் பிரிவு இருக்கு. வெளிய இருந்து ஆலோசகர் வந்து ரிப்போர்ட் கொடுத்துட்டுப் போறதுக்கும் கையெழுத்துப் போடற மேஜையிலயே வானிலை தெரிஞ்ச ஆள் உக்காந்திருக்கறதுக்கும் எவ்ளோ வித்தியாசம் பாருங்க! ஹாங்காங் இடமே இல்லாத ஊர், உசரமாத்தான் கட்டியாகணும். 2003ல சார்ஸ் நோய் வந்தப்போ காத்தோட்டம் எவ்ளோ முக்கியம்னு எல்லாருக்கும் உறைச்சுது, 2006ல இருந்து பெரிய அரசாங்கத் திட்டங்கள்ல காத்து எப்படிப் போகும்னு முன்கூட்டியே சோதிக்கற முறை கொண்டு வந்தாங்க. சுவர் மாதிரி வரிசையா நிக்கற டவர்களுக்கு நடுவுல இடைவெளி, காத்து வர்ற திசைக்கு நேரா தெரு, தரைத்தளத்தைத் திறந்து விடறது, இப்படி. அதனால எவ்ளோ உசரம்னு மட்டும் சண்டை போடாதீங்க, எந்தத் திசையில எவ்ளோ இடைவெளின்னு சண்டை போடுங்க.

கேள்வி: ரோட்டுக்கும் கூரைக்கும் வெள்ளை அடிச்சா?

பதில்: கூரைக்கு அடிங்க, யோசிக்கவே வேண்டாம், முக்கியமா தகரக் கூரைக்கும் மேல் மாடி வீட்டுக்கும். ரோட்டுக்கு அடிச்சா தரை சூடு குறையும், ஆனா அந்த வெயில் பட்டுத் தெறிச்சு மத்தியானம் நடந்து போறவங்க மேலதான் விழும், ஆள் நடக்கற இடத்துல முதல்ல நிழலைக் கொடுங்க.

கேள்வி: இவ்ளோ எதுக்கு சார், எல்லாரும் ஏசி போட்டுக்கிட்டா முடிஞ்சுதே?
- ஒரு வாசகர்

பதில்: ஏசி உயிரைக் காப்பாத்தும், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ள இருக்கற சூட்டை எடுத்துத் தெருவுல கொட்டுறதுதான் அதோட வேலை. அமெரிக்காவுல ஃபீனிக்ஸ் நகரத்தை வச்சுச் செஞ்ச ஆய்வுல ஏசி கக்குற சூட்டாலயே ராத்திரி வெளிக்காத்து 1 டிகிரிக்கு மேல ஏறுதுன்னு வந்துச்சு, அது ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள்ளதான போகும்? 1995 ஜூலைல சிகாகோவுல அடிச்ச வெப்ப அலையில 700 பேருக்கு மேல செத்தாங்க, நிறைய பேர் தனியா இருந்த வயசானவங்க, ராத்திரியும் சூடு இறங்கவே இல்ல. அகமதாபாத்ல 2010 மே மாசம் 46.8 டிகிரி அடிச்சப்போ வழக்கத்தை விட 1,344 பேர் அதிகமா செத்துப் போனாங்க, அதுக்கப்புறம் 2013ல முன்னெச்சரிக்கை, ஆஸ்பத்திரித் தயாரிப்புன்னு ஒரு வெப்பச் செயல்திட்டம் போட்டாங்க, தெற்காசியாவுலயே அதுதான் முதல். அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறுது, ஏன்னா இவங்க வெயில்ல மட்டும் சாகல, தப்பா கட்டின ஊரும் சேந்துதான் கொன்னுச்சு.

கேள்வி: தனி ஆளா நான் என்ன பண்ண முடியும்?

பதில்: ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க. தரையில இருந்து 5 அடி உசரத்துல, நேரடி வெயில் படாம, சுவத்தை ஒட்டாம, ஏசி வெளிக்காத்து அடிக்காத இடமா பாத்து மாட்டுங்க. தினம் ராத்திரி ஒரே நேரத்துல எழுதி வையுங்க, பக்கத்துலயே காத்து இருந்துச்சா, மேகம் இருந்துச்சான்னும் ஒரு வார்த்தை. தெருவுக்கு நாலு பேர் ஒரு வருஷம் இப்படி எழுதினா உங்க ஏரியா பிளான் டிராஃப்ட் பொதுமக்கள் கருத்துக்கு வர்ற அன்னைக்கு அந்த நோட்டைக் கொண்டு போய் மேஜை மேல வைக்கலாம்.