மரம் வெட்டும் தொழிலுக்கு எந்தச் செயின்சா வாங்கலாம்?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் நான்கு பேர் சேர்ந்து மரம் வெட்டும் வேலை எடுத்துச் செய்கிறோம். பெரும்பாலும் வீட்டோரத் தென்னை, வேம்பு. எப்போதாவது பெரிய புளி. கடையில் 58 சிசி, 22 இன்ச் பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) உள்ள மெஷினைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள். கம்பெனி மெஷின் 18 இன்ச்தான், விலையோ மூன்று மடங்கு. எதை வாங்குவது?

பதில்: 18 இன்ச்சே போதும். தென்னை பெரும்பாலும் ஒரு அடிப் பருமன்தான். புளியையும் இரண்டு பக்கமும் மாறி மாறி அறுத்தால் பாரைவிடப் பருத்த அடிமரம்கூடச் சாயும். பார் நீள நீள, அதன் நுனி மறுபக்கம் எதில் படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. நுனியின் மேல்பகுதி ஒரு கிளையில் பட்டால் போதும், மெஷின் கண்மூடித் திறப்பதற்குள் முகத்தை நோக்கித் துள்ளும். வாங்கும்போது, ஓடும் செயினைச் சட்டென நிறுத்தும் செயின் பிரேக் உடனே பிடிக்கிறதா என்று ஓட்டிப் பாருங்கள்.

ஸ்டிக்கரில் உள்ள சிசியை அப்படியே நம்ப வேண்டாம். 58 என்று விற்கும் பல மெஷின்களில் சிலிண்டர் விட்டம் 45.2 மி.மீ., ஸ்ட்ரோக் 34 மி.மீ. பெருக்கிப் பார்த்தால் 54.6 சிசிதான் வரும். கிலோவாட்டையும் எடையையும் கேளுங்கள். ஸ்டீல் (Stihl) கம்பெனியின் எம்எஸ் 261 வெறும் 50.2 சிசி, ஆனால் 3 கிலோவாட் தருகிறது. பாரும் செயினும் இல்லாமல் எடை 5 கிலோவுக்குள். உங்கள் வேலைக்கு இந்த வகுப்பு மெஷின்தான் சரி, எந்தக் கம்பெனியானாலும். தினமும் புளி அறுப்பவர்களுக்குத்தான் எம்எஸ் 382 போன்ற 72 சிசி மெஷின் தேவை. அதைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கக் கிளை கழித்தால் தோள்பட்டை போய்விடும்.

மலிவு மெஷின் வீண் என்று சொல்ல மாட்டேன். மண் ஒட்டிய அடிக்கட்டை, வேர் அறுக்க அது போதும். ஆனால் மணிக்கணக்கில் பிடித்தால் அதிர்வில் விரல் மரத்துப்போகும்.

நான் அதிகம் கவலைப்படுவது மேலே ஏறுகிறவரைப் பற்றித்தான். பின்கைப்பிடி மெஷினைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து, ஒரு கையால் மட்டையைப் பிடித்து மறு கையால் அறுப்பதை ஊரெங்கும் பார்க்கலாம். அதை விட்டுவிடுங்கள். மூன்றரை கிலோவுக்கு உட்பட்ட, மேல்கைப்பிடி உள்ள சின்ன மெஷின் தனியாக வாங்குங்கள். பேட்டரி மெஷின் என்றால் உச்சியில் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் தொல்லை இல்லை. எதுவானாலும் இடுப்புக் கயிறு கட்டி, இரண்டு கையாலும் பிடித்தே அறுக்க வேண்டும். அந்த மேல்கைப்பிடி மெஷினைத் தரையில் பயன்படுத்தக் கூடாது. துள்ளினால் அடக்குவது கடினம்.

அப்புறம் செயின். தென்னையின் வெளிப்பகுதி கடினம், சிலிக்காவும் கலந்தது. பல் சீக்கிரம் மழுங்கும். கூர்முனைச் செயினைவிட முனை உருண்ட செமி சிசல் அதில் அதிக நேரம் தாங்கும். தூள் மாவு மாதிரி கொட்டினால் அரம் எடுங்கள். 0.325 இன்ச் பிட்ச் (கண்ணி இடைவெளி) செயினுக்கு 4.8 மி.மீ. அரம்.

பெட்ரோலில் கலப்பது கம்பெனி டூ-டி ஆயில் என்றால் லிட்டருக்கு 20 மி.லி., சாதாரண ஆயில் என்றால் 40. இப்போதைய எத்தனால் பெட்ரோல் டேங்கிலேயே கிடந்தால் கார்புரேட்டரில் உள்ள டயாபிரம் என்ற மெல்லிய சவ்வு கெட்டுவிடும். வேலை இல்லாத வாரங்களில் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டிவிடுங்கள். அந்த டயாபிரமும் கிளட்சும் கோபியிலோ ஈரோட்டிலோ உடனே கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே விசாரியுங்கள்.