உள்ளேயே விடாத நாட்டுக்கு மனித உரிமைத் தூதரை நியமித்து என்ன பயன்?

கேள்வி கேட்டவர் வட கொரியாவை மனதில் வைத்துத்தான் கேட்டிருக்கிறார். அந்த நாட்டு மனித உரிமைக்கென்றே அமெரிக்கா ஒரு சிறப்புத் தூதரை நியமித்து வந்திருக்கிறது, அவர்களோ வாசல்படி மிதிக்க விடுவதில்லை, அப்புறம் எதற்குச் சம்பளம் என்கிறார். நியாயம்தான். நான் வெளியுறவுத் துறை ஆள் இல்லை, பாளையங்கோட்டையில் உரக்கடை வைத்திருப்பவன். ஆனால் தூது போவது எப்படி என்று என் மாமாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதிலிருந்தே சொல்கிறேன்.

என் பெரியம்மா மகளை வள்ளியூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. அடி, உதை, தின்கிற சோற்றுக்குக் கணக்கு. தகவல் வந்ததும் மாமா கிளம்பினார். சண்டைக்கு இல்லை. ஒரு கிலோ அல்வாவும் ஒரு சீப்புப் பழமும் வாங்கிக்கொண்டு, "இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன், அப்படியே எட்டிப் பார்த்தேன்" என்று போய் உட்கார்ந்தார். காப்பி கொடுத்தார்கள். அக்கா தம்ளரைக் கீழே வைக்கும்போது முழங்கைக்குக் கீழே கன்றிப்போய் இருந்ததைக் கவனித்துவிட்டார். அடுத்த தடவை கதவே திறக்கவில்லை. மாமா திரும்பி வரவில்லை. எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேச்சுக் கொடுத்தார். எந்தத் தேதியில் என்ன சத்தம் கேட்டது, யார் பார்த்தது என்று வீட்டுக்கு வந்து மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தார். பெரியம்மாவோ, "நீ பேசாம இருடே, கோவத்துல அவளத்தான் இன்னும் ரெண்டு சாத்துவான்" என்று தம்பி வாயையே அடைக்கப் பார்த்தாள்.

அமெரிக்கத் தூதர்களின் கதையும் ஏறக்குறைய இதுதான். 2004இல் போட்ட வட கொரிய மனித உரிமைச் சட்டத்தில் இந்தப் பதவி வந்தது. முதலில் 2005இல் ஜே லெஃப்கோவிட்ஸ் என்ற வழக்கறிஞர், அதுவும் பகுதி நேரமாக. அணு ஆயுதப் பேச்சையும் மனித உரிமைப் பேச்சையும் தனித்தனியாக வைக்கக் கூடாது என்று 2008 தொடக்கத்தில் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அது அரசின் கருத்து இல்லை என்று அவருடைய வெளியுறவுத் துறையே கைகழுவிவிட்டது. எங்கள் பெரியம்மாவேதான்!

அடுத்து 2009இல் ராபர்ட் கிங். 2011 மே மாதம் உணவுப் பற்றாக்குறையைப் பார்வையிடும் குழுவோடு வட கொரியத் தலைநகர் பியோங்யாங் போனார். திரும்பும்போது, அங்கே பல மாதங்களாகக் காவலில் இருந்த எடி ஜுன் என்ற அமெரிக்கரைக் கூடவே கூட்டி வந்தார். அரிசிப் பேச்சுத்தான் அவருக்கு அல்வாப் பொட்டலம். 2013 ஆகஸ்டில் கென்னத் பே என்ற இன்னொரு அமெரிக்கரை மீட்க அவர் புறப்பட இருந்த நேரத்தில், கொடுத்த அழைப்பையே வட கொரியா ரத்து செய்துவிட்டது. பே விடுதலையாக 2014 நவம்பர் ஆகிவிட்டது.

சரி, இவர்கள் இருவரும் அமெரிக்கக் குடிமக்கள். அந்த ஊர்ச் சனங்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்பீர்கள். அங்கேதான் டீக்கடை வேலை வருகிறது. அதைச் செய்தது ஐ.நா. ஆஸ்திரேலியாவின் முன்னாள் நீதிபதி மைக்கேல் கிர்பி தலைமையில் 2013இல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். வட கொரியா உள்ளே விடவில்லை. தப்பி வந்தவர்களைச் சியோல், டோக்கியோ, லண்டன், வாஷிங்டன் என்று வெளியில் உட்கார்ந்தே விசாரித்தார்கள். 80 பேருக்கு மேல் பொதுவில் சாட்சி சொன்னார்கள், இன்னும் 240 பேரிடம் ரகசியமாகக் கேட்டார்கள். அரசியல் கைதி முகாம்களில் 80,000 முதல் 1,20,000 பேர் வரை இருப்பதாக 2014 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. அந்த அக்டோபரில் வட கொரிய அதிகாரிகள், அதுவரை முகம் கொடுக்காத மர்சுகி தாருஸ்மானை, அதாவது அந்த நாட்டு மனித உரிமை நிலையைக் கவனித்துச் சொல்லும் ஐ.நா. சிறப்பு அறிக்கையாளரை, நியூயார்க்கில் சந்தித்தார்கள். தங்களைச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு இழுக்கிற பேச்சை விட்டால் அவரை நாட்டுக்கு அழைக்கலாம் என்றார்கள். பேரம்தான், படியவில்லை. ஆனால் நோட்டில் ஏறியது உறைத்திருக்கிறது, இல்லையா? 2017 மே மாதம் மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. அறிக்கையாளரை உள்ளே விட்டார்கள். ஐ.நா. மனித உரிமை நிபுணர் ஒருவர் அங்கே கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். 2017 ஜனவரியில் கிங் போனதற்கு அப்புறம் 2023இல் ஜூலி டர்னர் வரும்வரை அந்த நாற்காலி காலி. சிங்கப்பூரிலும் ஹனோயிலும் இரு நாட்டுத் தலைவர்கள் கை குலுக்கியது அந்த இடைவெளியில்தான். ஏவுகணையைப் பற்றிப் பேச ஆள் இருந்தது, முகாமில் கிடப்பவர்களை ஞாபகப்படுத்துவதே வேலையாக ஒருவரும் இல்லை.

"இவன் யார் கேட்பதற்கு" என்ற கேள்வியும் நியாயமானதே. மாமாவுக்கு ரத்த உறவு, அமெரிக்காவுக்கு என்ன உறவு? ஆனால் உறவு இருந்து போனாலும் எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. நம் பக்கத்திலிருந்து சொந்த சனத்துக்காகப் போனவர் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி. 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கு இந்திய அரசின் முதல் ஏஜென்டாக அனுப்பினார்கள், அதாவது அப்போதைய பிரிட்டிஷ் இந்திய அரசு. அவர் பேச்சில் வெள்ளைக்காரனே மயங்கினான். டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு அவர் பெயரிலேயே ஒரு உயர்நிலைப் பள்ளி வந்தது. நினைத்த இடத்தில் நிலம் வாங்கும் உரிமை மட்டும் வரவில்லை. 1946இல் சட்டம் இன்னும் இறுகியபோது, இந்தியா வணிகத்தையே நிறுத்திவிட்டு ஐ.நா.வுக்குப் போக வேண்டியிருந்தது. ஆக, தூதரை அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் முழுநேர ஆளாக இருக்கட்டும், பின்னால் நிற்பவர்கள் அவர் வாயை அடைக்காமல் இருக்கட்டும்.

அக்கா கதையைப் பாதியில் விட்டுவிட்டேன். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேச்சு நடந்தது. "ஒரே ஒரு தடவை கை நீட்டினேன், அதுவும் கோபத்தில்" என்றான் அக்கா புருஷன். மாமா நோட்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேதி தேதியாக வாசித்தார். பதினொன்று. அக்கா அன்றைக்கே எங்களோடு பஸ் ஏறினாள். அந்த நோட்டு இன்னும் வீட்டில் இருக்கிறது. அல்வா வாங்கிய காசும் அதே பக்கத்தில்தான் எழுதியிருக்கிறது.